துரைக்குச் சொந்தமில்லாத அறை

மலையகத் தோட்டங்களில் பேச்சுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. விடியற்காலை பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்க நிற்கும்போது பேச்சு. பீலிக்கரையில் குடம் நிறையும்வரை பேச்சு. கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்த்தபடியே, இன்றைக்கு எத்தனை கிலோ கழித்தார்கள், யாருக்கு அரைப்பேர் போட்டார்கள் என்று பேச்சு. எங்கள் சனங்களை வாயில்லாப் பூச்சிகள் என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். பேச்சு நிறைய இருந்தது. உட்கார்ந்து பேசத்தான் இடம் இல்லை. பிரட்டுக்களம் தோட்டத்துக்குச் சொந்தம். மடுவமும் பிள்ளைக்காம்பராவும் லயத்து வாசலும் தோட்டத்துக்குச் சொந்தம். அம்மன் கோயில் நின்றதும் தோட்டத்து மண்ணில்தான். செத்தவரைப் புதைக்கிற மேடும் துரையின் எல்லைக்குள்தான் இருந்தது.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த நான் இப்போது டொரன்டோவின் கிழக்கே, ஸ்காபரோவில் வாழ்கிறேன். இந்த நகரத்துப் பொது நூலகத்துக்கு 100 கிளைகள் உண்டு. எங்கள் பகுதிக் கிளைகளில் தமிழ்ப் புத்தக அடுக்குகளும் இருக்கின்றன. முதலில் அந்த அடுக்குகளுக்காகவே போனேன். பிறகு பக்கத்து அறையில் நடக்கிற கலந்துரையாடல்களுக்காகப் போகத் தொடங்கினேன். வீட்டு வாடகை, முதியோர் பராமரிப்பு, போதைப்பொருளால் சாகும் இளையோர் என்று ஊரை அலைக்கழிக்கிற விஷயங்களைப் பற்றி, ஒருவரையொருவர் அறியாத இருபது முப்பது பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். நூலக ஊழியர் ஒருவர் நடுவராக இருப்பார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. யாரும் எந்தக் கட்சிக்காரர் என்று கேட்பதில்லை.

கூட்டம் தொடங்குமுன் இந்த நிலம் யாருடையது என்று ஒரு வாசகத்தை வாசிப்பார்கள். மிசிசாகா, அனிஷினாபே, ஹோடெனோஷோனி, வென்டாட் என்று ஆதிக்குடிகளின் பெயர்கள் வரும். வாசித்து முடித்தால் நிலம் திரும்பிவிடுகிறதா என்று இங்குள்ளவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் காட்டை வெட்டி, கோப்பியும் தேயிலையும் நட்டு, 200 வருடங்கள் கழிந்தும் கையில் காணி உறுதி இல்லாத குடும்பத்திலிருந்து வந்தவளுக்கு அந்த வாசகம் வெறும் சடங்காகப் படவில்லை. நிலம் யாருடையது என்ற கேள்வியோடு ஒரு கூட்டத்தைத் தொடங்கலாம் என்பதே எனக்குப் புதிது.

ஒருமுறை பேசுபொருள், ஒன்ராறியோ மாகாணத்தின் விவசாயக் கூலிகள். 1966இல் ஜமேக்காவிலிருந்து ஆட்களைப் பருவ வேலைக்குக் கொண்டுவரும் திட்டம் தொடங்கியது. 1974இல் மெக்சிக்கோ சேர்ந்தது. லெமிங்டன் பக்கத்துக் கண்ணாடிக்கூடத் தோட்டங்களில் தக்காளியும் மிளகாயும் பறிப்பவர்கள் இவர்கள். வேலை அனுமதிப் பத்திரம், அவர்களைக் கொண்டுவந்த முதலாளியோடு கட்டப்பட்டது. படுப்பதும் முதலாளி கொடுக்கிற இடத்தில்தான். வேலை போனால் அன்றைக்கே தங்குமிடமும் போகும். மற்றத் தொழிலாளருக்கு இருக்கிற கூட்டுப் பேரம்பேசும் உரிமை இந்த மாகாணத்தில் பண்ணை வேலையாட்களுக்கு முழுதாக இல்லை.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சுட்டது. அதுவரை அந்த அறையில் நான் வாய் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன். நான் பிறந்த காம்பராவும் தோட்டத்தினுடையது, ஒரு சுவர் கட்டுவதென்றாலும் துரையிடம் அனுமதி வாங்க வேண்டும், வீட்டில் ஒருவர் தோட்டத்தில் பேர் போடாவிட்டால் காம்பரா கேள்விக்குள்ளாகும் என்றேன். எனக்கு எதிரே இருந்த ஜமேக்காக்காரப் பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய மாமா இந்த நாட்டுக்கு ஆப்பிள் பறிக்க வந்தவராம். தேத்தண்ணி நேரத்தில் லயம் எப்படி இருக்கும் என்று கேட்டார். காகிதத்தில் வரைந்து காட்டினேன். வரிசையாக அறைகள், முன்னால் ஒரு நீள வாசல், கடைசியில் பீலி. தன் மாமா படுத்த கொட்டகையை அவர் பக்கத்திலேயே வரைந்தார்.

ஆனாலும் அந்த நல்ல அறையில் ஒரு பெரிய குறை இருந்தது. தக்காளி பறிப்பவர் ஒருவரும் அங்கே இல்லை. அவர்கள் இருந்தது நாலு மணி நேரக் கார் ஓட்டத்துக்கு அப்பால். பாதிக்கப்பட்டவர்கள் இல்லாமலேயே அவர்களைப் பற்றிப் பேசி முடிப்பதற்கு நாங்கள்தான் சாட்சி. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தா பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. வாக்குப் போனவர்களைக் கேட்டு யாரும் எதையும் முடிவுசெய்யத் தேவையில்லை அல்லவா? 1964 ஒக்டோபரில் டெல்லியில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் எங்களைப் பங்கிட்டுக் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். எந்த லயத்திலும் யாரையும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு கப்பலிலும் தம்பி மலையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்த கதை எங்கள் வீட்டிலும் உண்டு.

எங்கள் பக்கத்தில் வாசிப்பையும் கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்தவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர். வெளியாள் தோட்டத்துக்குள் நுழைந்தால் அத்துமீறல் குற்றம் என்றிருந்த காலத்தில் துணி வியாபாரி வேடத்தில் லயங்களுக்குப் போனார் என்பார்கள். 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று பத்திரிகைகள் நடத்தினார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் தானே பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். எழுத்து அறியாத சனத்துக்கு அந்தப் பாட்டுத்தான் அன்றைய பத்திரிகை. இவர்களைப் பற்றிச் சாரல் நாடன் போன்றவர்கள் தேடித்தேடி எழுதியிருக்காவிட்டால் எங்களுக்கு இவ்வளவும் தெரிந்திராது.

கண்டியில் 1972இல் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் தொடங்கிய சத்தியோதயம் என்ற நிலையத்தையும் சொல்ல வேண்டும். சிங்களவரும் தமிழரும் ஒரே மேசையில் தோட்ட மக்களின் குடியுரிமையைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் பேசிய இடம் அது. 1977, 1983 இனக்கலவரங்களுக்குப் பிறகும் அந்தக் கதவு திறந்தே இருந்தது என்பதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. கதவு திறந்திருப்பதற்கு விலை உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகத்தை 1981இல் எரித்தார்கள். நான் வாழும் டொரன்டோவிலேயே, மாற்றுக் கருத்துகளுக்கு இடம் கொடுத்த தேடகத்தின் நூலகம் 1994இல் தீக்கிரையானது. எரித்தவர்கள் வேறு வேறு, ஆனால் அவர்கள் பயந்தது ஒன்றுக்குத்தான்.

சரி, தோட்டத்துக்குள் ஏன் பொது நூலகம் வரவில்லை? ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை நகரங்களில் நூலகங்கள் இருக்கின்றன. நகரத்திலிருந்து பஸ்ஸில் போய், அதற்கப்பால் மலையேறி நடக்க வேண்டிய மேற்கணக்கு டிவிசனுக்கு அவை எட்டாது. இலங்கையில் பொது நூலகம் உள்ளூராட்சிச் சபையின் வேலை. 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவோ, தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவழிக்கத் தடையாக நின்றது. வாக்குக் கேட்க லயத்துக்கு வந்தார்கள், ஆனால் ஒரு ரோட்டுப் போடவோ புத்தக அலுமாரி வைக்கவோ சபைக்கு வழியிருக்கவில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே காலத்தில் நோர்வூட், மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை ஆகியன தனிச் சபைகளாயின. ஆக, சட்டம் இப்போது குறுக்கே நிற்கவில்லை. ஆனால் சட்டம் திருத்தியதோடு அறை வந்துவிடாது.

பேச வேண்டியவை குவிந்து கிடக்கின்றன. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் போராடி 2021இல் வர்த்தமானியில் கண்டோம். அது 2024இல் 1,350 ஆனபோதும் அரிசி விலை அதற்கு முன்னே ஓடிவிட்டது. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து இருக்கிறதென்று முன்பே எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பரில் டிட்வா புயல் மலைநாட்டையே குலைத்தது. எச்சரிக்கை யாருக்கு வந்தது, எந்த மொழியில் வந்தது, எங்கே போ என்று சொன்னார்கள், போக இடம் எது என்பதை அந்த லயங்களில் இருக்கும் பெண்கள் சொல்லி, அதிகாரிகள் உட்கார்ந்து கேட்க வேண்டும். தொழிற்சங்கக் கூட்டத்தில் தலைவர்தான் பேசுவார். கொழுந்தெடுக்கும் பெண்கள் பின்னால் நின்று கேட்பார்கள். சங்கங்கள் எங்களுக்குச் செய்ததை மறுக்கமாட்டேன். ஆனால் சங்கத்தையே கேள்வி கேட்கிற கூட்டத்தைச் சங்க அலுவலகத்தில் வைக்க முடியாது.

நோர்வூட் பக்கம் ஆசிரியையாக இருக்கும் என் அண்ணன் மகளிடம் இதைத்தான் தொலைபேசியில் அடிக்கடி பேசுகிறேன். போன கிழமை அவள் சொன்னாள்: "எடம் எப்புடியாச்சும் கெடச்சிரும் அத்த. சாவி யாருகிட்ட இருக்கணும்னுதான் சண்டை வரும்."

துரையிடமும் வேண்டாம், தலைவரிடமும் வேண்டாம், சபையே சம்பளம் கொடுத்து ஒரு நூலகரை வைக்கட்டும் என்றேன். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிக் கட்டுகிற கட்டடமாகவும் அது இருக்கக் கூடாது. கட்டிக் கொடுத்தவரின் பெயர்ப்பலகை தொங்கினால் அங்கே அவரைப் பற்றிப் பேச முடியாது. வரி வாங்குகிற சபைதான் தர வேண்டும், கேட்டு வாங்கவும் வேண்டும். புத்தகங்களுக்கு நான் பொறுப்பு என்றேன்.

"சபைக்கு நாங்க கடுதாசி எழுதுறோம்" என்றாள். "மொதக் கூட்டத்துல ஏழு பேர்ச்சஸ் காணி உறுதியப் பத்தி பேசலாம். பொம்பளைங்க வரணும்னா ஞாயித்துக்கெழம வைக்கணும். காலையில வெறகுக்குப் போயிருவாங்க, அதனால பின்னேரம் மூணு மணிக்கு."