மணமேற்குடியாரும் கழுமரக் கதையும்

மணமேற்குடி என்றவுடன் சைவ நன்மக்கள் நெஞ்சில் எழுவது குலச்சிறை நாயனார் திருவுருவமே. நெடுமாறனுக்கு அமைச்சராய், மங்கையர்க்கரசியாரோடு கூடி, ஆளுடைய பிள்ளையாரை மதுரைக்கு எழுந்தருளுவித்தவர் அவர். ஆயினும், அவர் குருபூசை நாட்களில் யான் கேட்ட சொற்பொழிவுகளிற் பல, அவரைக் கழுமரம் நாட்டுவித்தவராக மாத்திரம் காட்டி முடிந்தன. கேட்டுச் செல்லும் சிறுவர் உள்ளத்திற் படிவன இரண்டே: சமணர் என்பார் வஞ்சகர், நாயனார் என்பார் அவரைக் கொல்வித்தவர். இவை எத்துணை மெய்யென ஆராய்தல் நம் கடனன்றோ?

பிள்ளையார் காலம் 7-ஆம் நூற்றாண்டு; சேக்கிழார் பெருமான் காலம் 12-ஆம் நூற்றாண்டு. தேவாரத்திற் சமணரைக் கடிந்துரைத்தல் பதிகந்தோறும் வருவது. எண்ணாயிரவர் கழுவேறிய செய்தி ஆண்டு இல்லை. நம்பியாண்டார் நம்பிகள் வாக்கிற் கழு வருகின்றது. பெரியபுராணத்திற் கதை விரிகின்றது. அங்கும், தோற்றாற் கழுவேற்றுக என்று சமணர் தாமே சினந்து சொன்னதாகவும், அதற்கு முன் பிள்ளையார் திருமடத்திற் றீ வைக்கப்பட்டதாகவும் சேக்கிழார் முறைப்படுத்தி உரைத்தார். மேடையேறுவோர் காரணத்தை விட்டுக் கழுவை மட்டும் பற்றிக் கொண்டனர். சமணர் தம் பழைய நூல்களிலோ இப்பேரழிவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நிற்க, இம்மாவட்டத்துச் சித்தன்னவாயிலுக்குச் செல்வோம். அங்குள்ள சமணர் குகைக்கோயிலைப் புதுக்கி முகமண்டபம் எடுப்பித்தவன் இளங்கௌதமன் என்னும் ஆசிரியன் என்று 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுக் கூறும். அவன் மதுரையாசிரியன்! காலமோ அவனிபசேகரனாகிய பாண்டியன் சீவல்லபன் காலம். மதுரையிற் சமணர் வேரறுந்தனர் என்பார், இருநூறு ஆண்டு கழித்து அவ்வூர் ஆசிரியன் ஒருவன் பாண்டிநாட்டிற் சமணர் கோயிலைப் புதுக்கியது எங்ஙனம் என்பதற்கு விடை கூறுதல் வேண்டும்.

இனி, சமணர் வஞ்சகர் என்னும் கூற்று. நன்னூல் செய்த பவணந்தியார் சமணர். அந்நூலுரையைத் திருத்திச் செப்பஞ் செய்தவர் மாபாடியம் வகுத்த சிவஞான முனிவரே. சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், திருவாவடுதுறை ஆதீனத்து வித்துவானாகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். ஐயங்கள் தோன்றிய இடங்களிற் கும்பகோணத்துச் சமணர் இல்லந் தேடிச் சென்று கேட்டுத் தெளிந்தார்; அவர்களும் ஒளியாது உரைத்தனர். கொல்லாமையிலும் புலால் மறுத்தலிலும் நமக்கும் அவர்க்கும் வேற்றுமை யாது? புலாலில்லா உணவைச் 'சைவம்' என்று உலகம் வழங்குவதை நினைக்குந்தோறும் எனக்குச் சிறிது நகையும் வரும்.

மறுபுறத்தாரும் இதே பிழை செய்கின்றனர். ஒரு கழுமரக் கதையைக் கொண்டு சைவம் முழுதுமே கொலைச் சமயம் என்பாருளர். இவர்கட்கு அக்கதையை வேண்டியபடி எடுத்துக் கொடுத்தவர் நம்மவரே என்பது வருந்தத்தக்கது. பிள்ளையார் ஆலவாய்ப் பதிகத்திலே குலச்சிறையாரைப் போற்றியது எதனால்? அடியார் எக்குலத்தவராயினும், ஒருவராய் வரினும் பலராய் வரினும், எதிர்சென்று பணிந்த பண்பினால். அப்பணிவே அவரை நாயன்மாருள் ஒருவராக்கியது. அதனைச் சொல்லாது கழுவை மட்டும் சொல்லுதல், சமணர்க்கு மாத்திரமன்று, நாயனார்க்கும் இழைக்கும் கொடுமை.

சிவஞான சித்தியார் ஓதுவோர் அறிவர்: அருணந்தி சிவாசாரியார் முதற்கண் வகுத்தது பரபக்கம். உலகாயதர், பௌத்தர், நிகண்டவாதி முதலியோர் கொள்கையை எடுத்துரைத்த பின்னரே மறுப்பைத் தொடங்கினார். குருபூசை மேடையிலும் அம்முறையைக் கைக்கொள்ளுமாறு பேசுவோரை வேண்டுகின்றேன். வரும் ஆண்டு மணமேற்குடியிற் பேசுவோர், நாயனாரது பணிவைச் சொன்ன பின்னர், இளங்கௌதமன் கல்வெட்டையும் ஒருமுறை படித்துக் காட்டுவாராக.