மடிக்கணினியும் மறந்துபோன கேள்வியும்

மனிதன் தான் கையாளும் கருவியைத் தேர்ந்தெடுக்குமிடத்துப் பெரும்பாலும் தன் தேவையை நோக்குவதில்லை. பிறர் கண்ணுக்குத் தான் எவ்வாறு தோன்றவேண்டும் என்பதையே நோக்குகின்றான். இவ்வுண்மையை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரையை எழுதுவதற்கென ஒரு மடிக்கணினி வாங்க முற்பட்டபோதே கற்றுக்கொண்டேன். அதற்கு நான் கொடுத்த விலையைப் பின்வரும் மாணவர் ஒருவரேனும் கொடாதிருத்தல் வேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணமாகும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை நாம் எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களுள் 360 ரூபாய் வரை உயர்ந்தது. கடல் கடந்து வரும் பொருள்கள் யாவும் விலையேறின. மடிக்கணினியும் அவற்றுள் ஒன்று. 2024இல் எனக்கு அது தேவைப்பட்டபோது, மகாபொலப் புலமைப்பரிசிலிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த ஒரு தொகை என்னிடம் இருந்தது. சாதாரணமான ஒரு புதிய கணினிக்கு அது ஏறத்தாழப் போதுமானதே. ஆயினும் என் மனம் சாதாரணமானதை நாடவில்லை.

விடுதியில் எவரேனும் புதுக் கணினி வாங்கினால் முதலிற் கேட்கப்படும் கேள்வி, "ஐ என்ன?" என்பதேயாகும். கணினியின் மூளையெனப்படும் செயலியை, கடைத்தெருவில் 'புரொசசர்' என வழங்குவதை, இன்டெல் நிறுவனம் ஐ3, ஐ5, ஐ7 எனத் தரம் பிரித்துப் பெயரிட்டிருந்தது. 'ஐ7' என்று விடையிறுப்பவனுக்குக் கிடைக்கும் மதிப்பு 'ஐ3' என்பவனுக்குக் கிடைப்பதில்லை. நானும் அம்மாவுக்குத் தொலைபேசியில், "ஐ7 தான் வேணும் அம்மா, அதுக்குக் குறைஞ்சால் என்ரை வேலைக்குக் காணாது" என்றேன். அவர் அதன் பொருளைக் கேட்கவில்லை. "உனக்குத் தேவையெண்டால் எடு பிள்ளை" என்றார்.

அம்மா ஊரில் ஒரு சீட்டுக் கட்டிவந்தார். இறுதிவரை பொறுத்திருந்தால் முழுத் தொகையும் கைக்கு வரும். முந்தி எடுப்பவர் கழிவு கொடுத்தே எடுத்தல் வேண்டும். எனக்காக அவர் கழிவு கொடுத்து எடுத்தார்.

அப்பணத்தையும் சேர்த்துக்கொண்டு கண்டியிலுள்ள ஒரு கடைக்குச் சென்றேன். புதிய ஐ7 கணினிக்கு அத்தொகையும் போதாது என்பது அங்கே தெரியவந்தது. அப்போதும் நான் அந்தப் பெயரைக் கைவிடவில்லை. பாவித்த கணினி ஒன்று இருப்பதாகக் கடைக்காரர் கூறினார். மூடி பளபளத்தது, விசைப்பலகையின் ஓரத்தில் 'ஐ7' என்ற ஒட்டுத்தாள் இருந்தது. முற்பணம் கொடுக்கவிருந்த வேளையில், உடன் வந்திருந்த பொறியியற்பீட நண்பன் என் கையைப் பிடித்தான். "பேர் சரி மச்சான், பிறந்த ஆண்டு எது?" என்றான்.

செயலியின் முழுப்பெயரைத் திரையில் வருவித்துப் பார்த்தோம். ஐ7-7500யூ என்றிருந்தது. இன்டெல்லின் அக்காலப் பெயரீட்டில், சிறு கோட்டுக்குப் பின்வரும் முதல் எண் தலைமுறையைக் குறிக்கும். ஆகவே இது 2016இல் வெளிவந்த ஏழாந் தலைமுறை. அதனுள் இருப்பவை இரண்டே 'கோர்'கள். அதாவது, தனித்தனியே கணிக்கவல்ல கருக்கள். அடுத்த ஆண்டு, 2017இல், வெளிவந்த ஐ5-8250யூ என்பதில் நான்கு கருக்கள் உள்ளன. ஒரே ஆண்டில் 'ஐந்து' என்பது 'ஏழி'னை விஞ்சியது! 2022இல் வந்த ஐ3-1215யூ என்பதிலோ ஆறு கருக்கள். அவற்றுள் இரண்டு வேகத்திற்கும் நான்கு மின்சிக்கனத்திற்கும் உரியவை. நான் இழிவெனக் கருதிய 'மூன்று' என்ற எண், நான் போற்றிய 'ஏழி'னைப் பெரும்பாலான பணிகளிற் பின்தள்ளிவிடும்.

"வேகம் கூடியதுதானே சிறந்தது?" என்று வாதிட்டேன். ஐ7-7500யூ இன் அடிப்படைக் கடிகார வேகம் 2.7 கிகாஹேட்ஸ், ஐ5-8250யூ இனுடையது 1.6 மட்டுமே. நண்பன் அதற்கும் விளக்கம் தந்தான். 1971இல் வெளிவந்த இன்டெல் 4004 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்களே இருந்தன. அதன் பின் திரான்சிற்றர்களின் தொகையோடு கடிகார வேகமும் ஏறிக்கொண்டே சென்றது. ஆயின் வேகம் ஏற ஏற வெப்பமும் ஏறியது. 4 கிகாஹேட்ஸ் வேகமுள்ள பென்ரியம் 4 செயலியை வெளியிடும் திட்டத்தை 2004இல் இன்டெல் கைவிட நேர்ந்தது. ஒருவனை மேலும் விரைந்து ஓடச் செய்வதற்குப் பதிலாகப் பலரை வேலைக்கமர்த்தும் வழியை அதன் பின்னரே செயலி செய்வோர் பரவலாகக் கைக்கொண்டனர். ஆதலின் கடிகார வேகத்தை மட்டும் கொண்டு ஒரு செயலியின் ஆற்றலை அளத்தல் பொருந்தாது.

இன்னொரு குறையும் இருந்தது. விண்டோஸ் 11 பணிசெயல் முறைமைக்கு இன்டெல் செயலிகளுள் பொதுவாக எட்டாந் தலைமுறையும் அதற்குப் பிற்பட்டனவுமே ஏற்புடையன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிவடைந்தது. அந்த ஐ7ஐ வாங்கியிருந்தால், ஓராண்டு கழியுமுன்னரே காலங்கடந்த கருவி ஒன்று என் கையில் இருந்திருக்கும்.

பெயரின் இறுதியெழுத்தும் கவனத்திற்குரியது. 'யூ' என முடிவது பொதுவாக 15 உவாற்று அளவில் இயங்கும் சிக்கனமான செயலி. 'எச்' என முடிவது 45 உவாற்று அளவிலானது. பாலங்களின் தாங்குதிறனைக் கணித்துப் பார்க்கும் என் நண்பனுக்கு 'எச்' வேண்டும். எனக்கோ அது பாரமும் வெப்பமுமேயன்றி வேறில்லை. மின்கலமும் விரைந்து தீரும். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நமக்கு மின்கலத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் செயலிகளிலும் இத்தகைய விழிப்பு வேண்டும். ரைசன் 5 7520யூ என்ற பெயரில் முதலில் நிற்கும் ஏழைக் கண்டு புதியதென்று மயங்குதல் எளிது. மூன்றாவதாக நிற்கும் இரண்டே அதன் உள்ளமைப்பைக் காட்டுவது. அவ்வமைப்பு 2019இற்கு உரியது. 2023இன் இறுதியிலிருந்து இன்டெல்லும் தன் புதிய வரிசைகளில் 'ஐ' என்ற எழுத்தைக் கைவிட்டு 'அல்ட்ரா' முதலிய பெயர்களைச் சூட்டத் தொடங்கிற்று. பெயர்கள் மாறுவன, முழு எண்ணையும் வாசித்து அதன் பொருளை அறியவேண்டும் என்ற நெறி மாறுவதன்று.

இறுதியில் நண்பன் கேட்ட கேள்விதான் என்னை நாணச் செய்தது. "நீ இதிலை என்ன செய்யப்போறாய்?" எனக்குரிய பணி தட்டச்சுச் செய்தல், அடிக்குறிப்பு அமைத்தல், படமாக்கப்பட்ட பழைய சஞ்சிகைகளை வாசித்தல் ஆகியனவே. ஒரே வேளையில் பத்து இதழ்களைத் திறந்து ஒப்புநோக்குபவனுக்குச் செயலியின் வலிமையைவிட நினைவகத்தின் பரப்பே முதன்மையானது. நான் வாங்கியது ஐ3-1215யூ கொண்ட புதிய கணினி. 8 கிகாபைற் நினைவகத்துடன், மேலும் நினைவகம் சேர்ப்பதற்கு ஒரு வெற்றிடமும் அதில் உண்டு. ஆய்வுக் கட்டுரை முழுவதையும் அதிலேயே எழுதி முடித்தேன். ஒருநாளேனும் அது என்னைக் காத்திருக்க வைத்ததில்லை.

எஞ்சிய பணத்தை அம்மாவுக்குத் திருப்பி அனுப்பினேன். "நல்லதே வாங்கினனி?" என்று மட்டும் கேட்டார். நல்லது என்றேன். அது பொய்யன்று. ஆயினும் சீட்டிற் கழிவாகப் போன காசு திரும்பி வரவில்லை. அது கணினிக்காகப் போனதன்று. 'ஏழு' என்ற ஓர் எண்ணுக்காகப் போனது. அதனை அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இவ்விதழ் ஊருக்குச் செல்லும்போது அவர் வாசிப்பார்.

புதுமுக மாணவர் பலர் எந்தச் செயலி சிறந்தது என என்னிடம் வினவுகின்றனர். அடுத்த நான்கு ஆண்டுகளில் நீர் செய்யவிருக்கும் பணிகளை முதலில் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாரும் என்றே அவர்களுக்கு விடையிறுக்கின்றேன். அத்தாள் எழுதப்பட்டபின், கடையில் வினவவேண்டிய கேள்விகள் சிலவே எஞ்சும்.