உடலும் உடுப்பும்

மனிதன் தன் உடலுக்கு ஏற்ப உடுப்பைச் செய்தான். இன்றோ, கடையிலே தொங்கும் உடுப்பைத் தன்மேல் வைத்துப் பார்த்து, தன் உடலைக் குறைகூறும் நிலைக்கு அவன் வந்திருக்கிறான். 'நான் பருத்துவிட்டேன்', 'எனக்குத் தோள் ஒடுங்கல்', 'என்னுடைய உயரத்துக்கு எதுவும் பொருந்தாது' என்ற சொற்களை நாம் நாள்தோறும் கேட்கிறோம். சட்டையின் அளவு பிழை என்று சொல்வோர் அரியர். ஊசி, நூல், கத்தரிக்கோல் ஆகியவற்றைக் கொண்டு ஒரு மணி நேரத்திலே தீர்க்கக்கூடிய குறையை ஏன் பிறவிக் குறைபோலச் சுமந்து திரிகிறோம் என்பதே இக்கட்டுரையின் வினா. ஓர் இலக்கிய ஏட்டிலே தையலைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். வகுப்பறையிலே பத்தாண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளைப் பார்த்துவரும் எமக்கு அது வியப்பன்று.

பழந்தமிழர் உடையிலே இச்சிக்கல் பெரிதும் எழவில்லை. உலகாளும் வேந்தனுக்கும் விலங்கின் பின் ஓடும் வேட்டுவனுக்கும் உடுக்க வேண்டுவன இரு துணிகளே என்று புறநானூற்றிலே நக்கீரர் கூறினார். அத்துணிகள் வெட்டித் தைக்கப்படாதவை. வேட்டியும் சேலையும் மெலிந்தாருக்கும் பருத்தாருக்கும் ஒருங்கே பொருந்துவன. சுற்றும் கை அளவை முடிவுசெய்கிறது. தையற்றொழில் அக்காலத்தில் இல்லாமற் போகவில்லை. புகார் நகரத்துத் தொழிலாளருள் துன்னகாரரைச் சிலப்பதிகாரம் எண்ணுகிறது. வேறு வேறு இழைகள் ஊடுருவித் தைக்கப்பட்ட கந்தையைப் பொருநராற்றுப்படை காட்டுகிறது. வறியவன் ஊசியை நம்பி வாழ்ந்தமைக்கு அக்கந்தை சான்று. எனினும், உடலின் வடிவத்துக்குத் துணியை வெட்டும் வழக்கம் பரவிய பின்னரே, 'அளவு' என்ற சொல்லுக்கு இத்துணை வலிமை உண்டாயிற்று.

இவ்வளவுகள் எங்கிருந்து வந்தன? ஐசாக் சிங்கர் தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1851 ஆம் ஆண்டில். பத்தாண்டுகள் கழித்து அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, பல்லாயிரம் படைவீரருக்கு விரைவாகச் சீருடை தைக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொருவரையும் அளந்து தைக்க நேரமில்லை. ஆகவே உடல்களைச் சில வகைகளாகப் பிரித்து, அவ்வகைகளுக்குத் தைத்தனர். பெண்களின் அளவுகளுக்காக அந்நாட்டு விவசாயத் திணைக்களம் 1939, 1940 ஆம் ஆண்டுகளிலே ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. முடிவிலே வெள்ளையினப் பெண்களின் அளவுகள் மாத்திரமே கணக்கிற் கொள்ளப்பட்டன. அவ்வெண்களை அடியாகக் கொண்டு 1958 ஆம் ஆண்டில் அங்கு ஒரு வணிக அளவுத் திட்டம் வகுக்கப்பட்டது. அத்திட்டங்கள் பின்னர்ப் பலமுறை மாறியுள்ளன. ஆயினும், எங்கோ வாழ்ந்த சிலரின் சராசரியை எல்லாருக்கும் சட்டமாக்கும் முறை மாறவில்லை. ஏற்றுமதியில் எஞ்சியதென்று எமது சந்தைகளிலே குவித்து விற்கப்படும் சட்டை எந்தக் கண்டத்தவரின் தோளுக்கு வெட்டப்பட்டதோ, யார் அறிவார்? அது எம் தோளிலிருந்து வழுவினால், அதில் எம் தோளின் குற்றம் எதுவுமில்லை.

கடைச் சட்டையை வேண்டாம் என்று விட்டுவிடலாம். பள்ளிச் சீருடையை விட முடியாது. 1945 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. 1993 ஆம் ஆண்டு தொடக்கம் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியும் இலவசமாயிற்று. இடையிற் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாகப் பற்றுச்சீட்டு வழங்கப்பட்டது. மக்கள் பெற்ற பேறுகளுள் இதுவும் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், துணி இலவசம், தையற்கூலி இலவசமன்று. 2022 செப்டெம்பரிலே பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்ட நாட்களில், அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் பின்னரே வீடுகளிலே தையற்காரரின் நினைவு வந்தது. மடிப்புக் கலையாத துணி பெட்டியிலே கிடக்க, இரண்டாண்டுகளுக்கு முன் தைத்த சட்டையோடு பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர். பன்னிரண்டு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடையில் ஓர் உடல் எவ்வளவு மாறுகிறது என்பதை ஆசிரியர் எவரும் அறிவர்.

அவ்வாறு வந்தவர்களுள் எமது பாடசாலை மாணவி ஒருத்தியும் இருந்தாள். கணக்கிலே கெட்டிக்காரி. திடீரென்று அவள் வகுப்பிலே கையுயர்த்துவதை நிறுத்தினாள். கரும்பலகைக்கு அழைத்தால் எழுந்து வரத் தயங்கினாள்; விளையாட்டுப் பாடவேளையிலே தலைவலி என்றாள். ஆசிரியர் அறையிலே காரணங்கள் பலவாறு பேசப்பட்டன. மனைப் பொருளியல் கற்பிக்கும் எமது சக ஆசிரியை அவளைத் தனியே அழைத்து விசாரித்தார். சட்டை கக்கத்தில் இறுகியிருந்தது. கையை உயர்த்தினால் தையல் தெறிக்கும். மார்பிலே பொத்தான்களிடையே துணி பிளக்கும். இதைச் சொல்லவும் அவளுக்கு நா எழவில்லை. கடைசியில் அவள் சொன்னது இதுதான்:

"சட்டை நல்லாத்தான் இருக்கு, டீச்சர். நான்தான் வளந்திட்டன்."

வளர்ந்ததற்காக ஒரு பிள்ளை மன்னிப்புக் கேட்கிறது! எமது நண்பர் அவள் தலையைத் தடவி, "வளராமல் வேறென்ன செய்யிறது, பிள்ளை? சட்டையையும் வளர்த்து விடுவம், வா" என்றாராம். அன்று பிற்பகலே அவர் சட்டையை உட்புறம் வெளியாகப் புரட்டினார்.

தையலின் முதற்பாடம் இந்தப் புரட்டுதல்தான். வெளியே பார்த்தால் சட்டை முடிந்த முடிவாகத் தோன்றும். உள்ளே புரட்டினால், அது எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதும் எங்கே இடமிருக்கிறது என்பதும் தெரியும். நல்ல தையற்காரர் பக்கத் தையலுக்கு அப்பால் ஓரங்குலத் துணியையாவது விட்டிருப்பார். சேலைக்கு அணியும் சட்டைகளிலே இரண்டு மூன்று தையல்களை அருகருகே ஓட்டியும் வைத்திருப்பார். உள்வரியைப் பிரித்தால் சட்டை இளகும். இங்கே ஒரு சிறு கணக்கு உண்டு. பக்கத் தையல்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் முன்துணி, பின்துணி என இரண்டு ஓரங்கள். ஆக, ஓரங்கள் நான்கு. ஒவ்வோர் ஓரத்திலும் அரையங்குலம் விட்டுக்கொடுத்தால், சுற்றளவு இரண்டு அங்குலம் கூடுகிறது. இறுக்கும் சட்டைக்கும் இளகிய சட்டைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இவ்வளவே. புதிய தையலுக்கு அப்பாலும் கால் அங்குலமாவது எஞ்சவேண்டும் என்பதை மறத்தலாகாது. அன்றேல் ஓரம் பிரிந்துவிடும்.

கக்கத்துக்கு வேறு வைத்தியம். கைவளையம் இறுகுகிறதென்று அதை ஆழமாக வெட்டிவிடுவோர் உளர். அது பிழை, வெட்டினால் கையை உயர்த்தும்போது முழுச் சட்டையும் மேலே ஏறும். கக்கத்திலிருந்து கையின் பக்கமாக மூன்று அங்குலமும் இடுப்பின் பக்கமாக மூன்று அங்குலமும் தையலைப் பிரிக்கவேண்டும். கைவளையத் தையலின் அறுந்த முனைகளை இருமுறை கட்டி நிறுத்தவேண்டும். பிறந்த இடைவெளியிலே மூன்று அங்குலச் சதுரத்துண்டு ஒன்றை, நாற்புறமும் தையலுக்கான துணி கூட்டி வெட்டி, மூலைகள் முன்னும் பின்னும் மேலும் கீழும் அமையுமாறு பொருத்தவேண்டும். கை தொங்கும்போது அத்துண்டு மடிந்து மறைந்திருக்கும்; உயரும்போது விரிந்துகொடுக்கும்.

அத்துண்டுக்குப் பெட்டியிற் கிடந்த புதுத்துணியை எமது நண்பர் எடுக்கவில்லை. பழைய சட்டை ஒன்றின் நல்ல பகுதியையே வெட்டினார். பலமுறை துவைத்த பருத்தி சுருங்கி முடிந்தது. புதுத்துணி முதல் துவையலிலே சுருங்கிப் பக்கத்துத் துணியை இழுத்துக் கிழிக்கும். கோடித் துணியைப் பழைய உடுப்பிலே ஒட்டுப்போடுவாரில்லை என்னும் விவிலிய உவமை, தையலறிந்த மக்களிடையே பிறந்த உவமை என்பதில் ஐயமில்லை.

மற்றைய திருத்தங்களைச் சுருக்கமாகக் கூறலாம். குட்டையான சட்டைக்குக் கீழ்மடிப்பைப் பிரித்து இறக்குதல். பழைய மடிப்பின் கோடு அழுக்கேறித் தெரியுமாயின், துவைத்து, சிறிது வினாகிரி கலந்த நீர் தெளித்து அயன் பண்ணவேண்டும். இறக்கத் துணி போதாவிடின், உட்புறத்திலே வேறு துணிப்பட்டி வைத்து மடிக்கலாம். வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போதே கீழ்மடிப்பின்மேல் ஓரிரு கொசுவங்களை வைத்துத் தைத்துவிட்டால், ஆண்டுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். இடுப்புப் பெருத்த களிசானுக்குப் பின்நடுத் தையலைப் பிரித்து உள்ளே வாங்குதல். இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்டால் பின்பைகள் இரண்டும் ஒன்றையொன்று முட்டும். தோளைத் திருத்துவது கடினம். ஆகவே, பழைய உடுப்பைத் தெரியும்போது முதலிலே தோளைப் பார்க்கவேண்டும். எதைச் செய்வதாயினும் முன்னர் துவைத்துக்கொள்ளவேண்டும். உடுத்தவர் இருந்தும், குனிந்தும், கையுயர்த்தியும் காட்ட, மற்றொருவர் குண்டூசி குத்திக் குறிக்கவேண்டும். முதலிலே நீண்ட ஓட்டுத் தையலால் பொருத்திப் பார்த்து, சரியென்று கண்டபின் ஊசியைச் சற்றுப் பின்வைத்து முன்னெடுக்கும் கெட்டித் தையலால் உறுதிசெய்யவேண்டும். இயந்திரம் இருந்தால் நன்று. இல்லையென்று வேலை நிற்காது. தன் உடுப்பை உடுத்தபடி தானே சரியாக அளந்துகொள்ள முடியாது என்பதும் ஈண்டுக் கவனிக்கத்தக்கது. உடை நழுவும் கணத்திலே விரையும் கையை நட்புக்கு உவமையாக்கினார் வள்ளுவர். தையலிலே அக்கை பிறருடைய கையாகவும் அமைகிறது.

இனி, அம்மாணவியின் தாயாரைப் பற்றிச் சொல்லவேண்டும். 2009 ஆம் ஆண்டிலே போர் முடிந்த பின் வடபகுதியிலே திறக்கப்பட்ட ஆடைத் தொழிற்சாலைகளுள் ஒன்றில் அவர் வேலை செய்கிறார். நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்பவருடைய மகளின் சட்டை இறுகிக் கிடப்பானேன் என்று கேட்கத் தோன்றும். எமது நண்பர் அதைக் கேட்கவில்லை; அவ்வம்மையாரே விடை சொன்னார்: "எனக்குக் கொலர் மட்டும்தான் தெரியும், டீச்சர்."

இவ்விடை எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ஒரு சட்டையைப் பல சிறு வேலைகளாகத் துண்டாடி, ஒவ்வொரு துண்டையும் ஒருவரிடம் ஒப்படைப்பதே தொழிற்சாலை முறை. ஒருவர் கொலர், ஒருவர் பை, ஒருவர் பொத்தான் துளை. மணிக்கு இத்தனை என்று இலக்கு வேறு. 1978 ஆம் ஆண்டிலே கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்த காலந்தொட்டு வளர்ந்த இத்தொழில், இன்று நாட்டின் பண்ட ஏற்றுமதி வருமானத்திலே ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை ஈட்டித் தருகிறது. கடல் கடந்த உடல்களுக்கு அளவாகத் தைத்து அனுப்பும் பெண்களிடம் முழுச் சட்டை பற்றிய அறிவு எஞ்சுவதில்லை. வீடு திரும்பும்போது ஊசியில் நூல் கோக்கக் கண்களில் வலுவும் எஞ்சுவதில்லை. உழைப்பாளி தன் உழைப்பின் பயனுக்கு அந்நியமாதல் பற்றி மாணவருக்கு விளக்க நூல்களைத் தேடுகிறோம். அந்தக் கொலர் ஒன்றே போதும்.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கலாம். 'ஒட்டுப்போடுவதால் வறுமை தீருமா? கூலி உயரவேண்டும், பிள்ளைகளுக்குத் தைத்த சீருடையே கிடைக்கவேண்டும். ஊசியைக் கொடுத்து மக்களை ஆற்றுப்படுத்துவது போராட்டத்தைத் தணிப்பதாகாதா?' என்று நண்பர்கள் கேட்பர். கூலி உயரவேண்டும் என்பதிலே எமக்கு இரண்டாம் கருத்தில்லை. தையற்கூலியையும் அரசு ஏற்கவேண்டும் என்று ஆசிரியர் சங்கங்களிலே நாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால், அக்கோரிக்கை நிறைவேறும்வரை ஒரு பிள்ளை கையுயர்த்தாமல் இருக்க முடியாது. அதன் வகுப்பு அந்த ஆண்டோடு போய்விடும். அன்றியும், சட்டையைப் புரட்டிப் பார்த்துத் தையலைப் பிரிக்கக் கற்றவர், ஆக்கப்பட்ட பொருள் எதையும் பிரித்து மாற்றி ஆக்கலாம் என்பதைக் கையாலேயே அறிகிறார். அவ்வறிவு போராட்டத்தைத் தணிக்கும் என்று நாம் கருதவில்லை.

ஆகவே, நாம் வேண்டுவது சிறிது. ஒவ்வொரு பாடசாலையிலும் ஓர் இயந்திரமும், ஒரு பெட்டி ஊசி நூலும், வாரத்தில் ஒரு பிற்பகலும் இருக்கட்டும். தையல் பெண்பிள்ளைகளின் பாடம் என்ற எண்ணம் ஒழியட்டும். சந்தியிலே கடை வைத்திருக்கும் தையற்காரர் பெரும்பாலும் ஆண் என்பதை நாமெல்லாரும் கண்டிருந்தும், மகனுக்கு ஊசி கொடுக்க வெட்கப்படுகிறோம். எமது பாடசாலையிலே வியாழக்கிழமைகளில் இவ்வேலை நடக்கிறது. பத்தாம் வகுப்பு மாணவர் தம்பிமாரின் காற்சட்டைகளைப் பிரிக்கின்றனர். முதலிலே சிரித்தவர்கள் இப்போது அளவு நாடாவுக்கு வரிசையில் நிற்கின்றனர். ஆரம்பித்து வைத்த எமது நண்பர் அவர்களுக்கு இட்ட விதி ஒன்றே. அளக்கும்போது 'நீ பருமன்', 'நீ மெலிவு' என்று எவரும் சொல்லலாகாது. 'சட்டை இரண்டு அங்குலம் காணாது', 'சட்டை ஓரங்குலம் கூட' என்றே சொல்லவேண்டும்.

இவ்விதியை வாசகராகிய ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் பாடசாலைகளுக்கு எடுத்துச் செல்வார்களாக. அதற்குச் செலவு ஏதுமில்லை.