பூட்டும் திறப்பும்

ஆசிரியர் அறையிலுள்ள கணினியிலேயே வகுப்புப் புள்ளிகளை யாம் பதிந்து வைப்பது வழக்கம். இலக்கணம் கற்பிக்கும் எமக்குக் கணினியில் என்ன வேலை என்று பழைய மாணாக்கர் நகைப்பர், நகைக்கட்டும். மணியடித்து யாம் வகுப்புக்குச் செல்கையில் பிறர் கை படாதிருத்தற் பொருட்டு, வீட்டுக் கணினியில் நன்கு இயங்கிய திரைப்பூட்டு ஒன்றினை மூலநிரலிலிருந்து ஆக்கி அங்கும் நிறுவினோம். பூட்டு விழுந்தது. திரும்பி வந்து கடவுச்சொல்லை இட்டால் பிழை என்றது. மும்முறை இட்டும் அதே விடை. ஈற்றில் மின்னை நிறுத்தியே கணினியை மீட்டோம்.

காரணம் இதுவே. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் கடவுச்சொல் உள்ளவாறே வைக்கப்படுவதில்லை. உருமாற்றிய வடிவமே சேமிக்கப்படும். முன்னாளில் அவ்வடிவம் யாவரும் படிக்கத்தக்க கோப்பில் இருந்தது. அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாய் உருமாற்றி ஒப்பிட்டுப் பார்ப்பார் பெருகவே, றூட் எனும் தலைமைப் பயனர் மட்டும் படிக்கும் 'ஷாடோ' கோப்புக்கு அது மாற்றப்பட்டது. எமது பூட்டோ எம் பெயரால் இயங்குவது. அக்கோப்பைத் திறக்க அதற்கு உரிமையில்லை.

அவசரத்தில் யாம் பூட்டு முழுவதற்கும் றூட் அதிகாரத்தை வழங்கிவிட்டோம். ஒரே கட்டளை, பூட்டுந் திறந்தது. பெருமிதமுங் கொண்டோம்.

மூன்று வாரங் கழித்துக் கல்லூரிக்கு வந்த பழைய மாணாக்கர் ஒருவர், மென்பொருள் எழுதுந் தொழிலினர், அதனைக் கண்டு திடுக்கிட்டார். "ஐயா, ஒரு பெயரைச் சரிபார்க்க வாயிற்காவலன் கையில் அதிபரின் திறப்புக்கோவை முழுவதையும் கொடுத்துவிட்டீர்களே" என்றார். படம் வரைதல், எழுத்துரு ஏற்றுதல் ஆகிய அனைத்தும் அவ்வதிகாரத்தோடு நடக்கையில், அவற்றுள் ஒரு வழு இருப்பினும் அதன் வழியே நுழைபவன் கணினி முழுவதையும் ஆளலாம்.

காவலன் செய்யத்தக்கது, துண்டுச் சீட்டை அலுவலகத்துள் நீட்டுதல். உள்ளிருக்கும் லிகிதர் இடாப்பைப் பார்த்து ஆம் அல்லது இல்லை என்பார். இடாப்பு வெளியே வாராது. லினக்ஸில் 'பாம்' எனும் இடைமுறை வழியாக (பெயர் கேட்டு அஞ்சற்க) ஒரு சிறு துணைநிரல் அந்த லிகிதர் பணியைச் செய்கின்றது. சாதாரண பயனர் கேட்பின் அவரவர் கடவுச்சொல்லையன்றிப் பிறருடையதை அது சரிபாராது. ஓப்பன் பி.எஸ்.டி.யிற் பாம் இல்லை. அங்கே துணைநிரல்கள் வேறு. ஆகவே பல முறைமைகளிலும் இயங்கவேண்டிய பூட்டு, ஆக்கப்படும்பொழுதே அவ்விடத்து வழியை அறிந்து பற்றுதல் வேண்டும். பாமைப் பயன்படுத்த வேண்டிய கோப்புகள் கல்லூரிக் கணினியில் இல்லாமையால், எம் பூட்டு ஒன்றும் உரையாது பழைய வழியே சென்றிருந்தது.

ஜேமி சவின்ஸ்கி 1992 இல் வெளியிட்ட எக்ஸ்-ஸ்கிரீன்சேவரும் 2021 இல், 6 ஆம் பதிப்பில், காவல், படம், கடவுச்சொல் வினவல் எனப் பிரிக்கப்பட்டது. படம் வரையும் பகுதி வீழினும் பூட்டு வீழாது.

அவர் துணையோடு வேண்டிய கோப்புகளை நிறுவி, பூட்டை மீள ஆக்கி, அதிகாரத்தைப் பறித்தோம். ஆயினும் அம்மூன்று வாரங்களில் எவரேனும் புகுந்தனரோ என்னும் ஐயம் உறங்கவிடவில்லை. இரண்டு இரவுகள் விடைத்தாள்களோடு புள்ளிகளை ஒப்பிட்டோம். ஒரு மாணாக்கனுக்கு இரண்டு புள்ளிகள் குறைந்திருந்தன. கூட்டற்பிழை, எம்முடையதே.