கடைசி வக்கடை

வாப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார். ஆனால் சம்மாந்துறைக்கு மேற்கே எங்கள் வட்டையில் எந்த வரம்புக்கு அப்பால் யாருடைய காணி, எந்த வயலில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். விதைப்புக் கூட்டத்தில் காணிக்காரர்கள் வருடாவருடம் அவரையே வட்டவிதானையாகத் தெரிவு செய்தார்கள். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுவதும் வரம்புச் சண்டைகளைத் தீர்ப்பதும் அவர் பொறுப்பு. சூடடித்து முடிந்ததும் ஏக்கர் கணக்கில் நெல் அளந்து கொடுப்பார்கள். அதுதான் சம்பளம்.

சேனநாயக்க சமுத்திரத்தில் திறக்கும் தண்ணீர் இடதுகரை வாய்க்கால் வழியாக, மேலேயுள்ள குடியேற்றங்களைக் கடந்துதான் எங்கள் பக்கம் வரும். கடைசியில் இருப்பவர்களுக்கு எப்போதும் மிச்சம்தான். 1981 சிறுபோகத்தில் சமுத்திரத்திலேயே தண்ணீர் குறைவு. முறை வைத்துத்தான் விட்டார்கள்.

அந்தப் போகத்தில் இரவெல்லாம் வாப்பா வயலில்தான். கையில் லாந்தர், தோளில் மண்வெட்டி. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சில இரவுகளில் நானும் கூடப் போவேன். ஒவ்வொரு வக்கடையாக வெட்டித் திறப்பார். வயல் நனைந்ததும் சேறு வைத்து அடைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். எங்கள் மூன்று ஏக்கர் நடுவட்டையில் இருந்தது. அதைத் தாண்டிப் போய்விடுவார்.

"எங்கட வயலத் திறக்கல்லியா வாப்பா?"

"மண்வெட்டி என்ட கையிலல்லவா மகன் இருக்கு. நமக்குக் கடைசியிலதான்."

எல்லோருக்கும் பாய்ச்சிவிட்டு எங்கள் வக்கடைக்குத் திரும்பி வரும்போது விடிந்திருக்கும். வாய்க்காலில் தண்ணீர் இருக்காது.

குடலைப் பருவத்தில் பயிர் காய்ந்தது. பக்கத்து வயல்கள் கதிர் தள்ளின. எங்களது வைக்கோலாக நின்றது. உம்மாவின் காப்பு அடகுக்குப் போனது, மீளவேயில்லை. "ஊருக்கெல்லாம் பாய்ச்சின மனிசன், எங்கட வயித்துல அடிச்சிட்டீங்களே" என்று உம்மா அழுதபோது வாப்பா வாய் திறக்கவில்லை. அந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எங்களுக்குப் புது உடுப்பில்லை.

நெடுநாள் நான் அவரை மன்னிக்கவில்லை. பின்னாளில் அவரைத் திட்டி ஒரு கவிதைகூட எழுதினேன். காட்டவில்லை. காட்டியிருந்தாலும் அவரால் வாசித்திருக்க முடியாது.

2003 இல் வாப்பா மௌத்தானார். அடுத்த வருடம் டிசம்பர் 26 இல் கடல் பொங்கியபோது கரையோர ஊர்ச் சனங்கள் எங்கள் ஊர்ப் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் வந்து தஞ்சமடைந்தார்கள். ஒரு பாடசாலையில் பெயர் எழுதிப் பாய் பங்கிடும் வேலை எனக்கு. சாய்ந்தமருதில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கையும் வீடிழந்து வந்திருந்தாள். அவளோடு வந்த மாப்பிள்ளை வீட்டார் பதினேழு பேர். எங்கள் வீட்டுப் பாய்கள் வயதானவர்களுக்கே போதவில்லை. அவளும் வரிசைக்கு வந்தாள். அவள் பெயரைப் பட்டியலின் கடைசியில் எழுதினேன். அவளுடைய முறை வருமுன்னே பாய் முடிந்துவிட்டது.

உம்மா அன்று வாப்பாவைப் பார்த்த அதே பார்வை. "நீங்க வாப்பாட புள்ளதானே காக்கா" என்றாள். மெச்சினாளா ஏசினாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அன்றிரவு அவளுடைய பிள்ளைகள் இருவரும் வெறும் சீமெந்துத் தரையில் சாரனை விரித்துப் படுத்திருந்தார்கள். எனக்கு நித்திரை வரவில்லை. 1981 இல் வயலிலிருந்து வந்த வாப்பா பகலிலும் கண்மூடாமல் திண்ணையில் சாய்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. தண்ணீர் முறையைத்தான் யோசிக்கிறார் என்று அப்போது நினைத்திருந்தேன்.