படமும் படியும்

சென்ற ஆண்டு எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஓர் ஓவியக் கண்காட்சி நடத்தினோம். மாற்றுத்திறனாளிகளும் ஏனையோரும் வரைந்த படங்களை ஒரே மண்டபத்தில் வைப்பதே நோக்கம். படங்களின் கீழ் ஒட்டும் குறிப்புகளை எழுதும் பொறுப்பு, தமிழாசிரியன் என்ற முறையில், எனக்கு வந்தது. எழுதியபோது என் நெஞ்சில் சற்றுப் பெருமிதமும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

அவற்றுள் ஒன்று, வற்றிய குளத்தில் மாடுகள் நீர் தேடி நிற்கும் காட்சி. வரைந்தவர் ஓர் இளம்பெண். 2009 இல், பத்து வயதில், எறிகணை வீச்சில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்பவர். "கால்கள் செயலிழந்தும் கலைத்தாகம் குன்றாத யுவதியின் கைவண்ணம்" என்று அதன் கீழ் எழுதினேன்.

திறப்பு விழாவன்று அவர் வாசலில் வந்து நின்றார். மண்டபத்துக்கு மூன்று படிகள். நான்கு இளைஞர்கள் நாற்காலியைத் தூக்க முன்வந்தனர்.

"என்னைச் சாமான் மாதிரித் தூக்க வேண்டாம், சேர்" என்றார்.

உள்ளே சென்ற தம்பி கைத்தொலைபேசியில் பிடித்து வந்த படத்தில் என் குறிப்பை வாசித்தார்.

"மற்றவையின்ர படத்துக்குக் கீழ அவையின்ர வருத்தம் ஒண்டும் எழுதேல்லையே? என்ர படத்தில மாட்டின்ர நிழல் பிழையான பக்கம் விழுந்திருக்கு. அதை ஒருத்தரும் சொல்லேல்லை."

நான் வாயடைத்து நின்றேன். படம் உள்ளே இருந்தது. படைத்தவர் வெளியே இருந்தார். அவரது உடலைப் பற்றி எழுதிய நான், அவரது படத்தைப் பார்க்கவேயில்லை.

சாந்திநிகேதனத்து ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி பிறவியிலேயே பார்வைக் குறைபாடு உடையவர். அங்குள்ள இந்தி பவனத்தில் 1946-47 இல் மாபெரும் சுவரோவியத்தைத் தீட்டியவரும் அவரே. சத்திரசிகிச்சையின் பின் பார்வையை முற்றாக இழந்தும் வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டிப் படைத்தார். 1972 இல் சத்யஜித் ராய் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். இரக்கப்பட்டா அவரது கலையை உலகம் மதிக்கிறது?

அனுதாபம் மலிவானது, படிகளை அப்படியே விட்டுவைத்துக்கொண்டும் அதைக் காட்டலாம். உரிமையோ சீமெந்தும் மணலும் கேட்கும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் 1996 இல் நிறைவேறியது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் விதிகள் 2006 இல் வந்தன. 2016 இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 30 ஆம் உறுப்புரை, இவர்களின் படைப்பாற்றல் தமக்காக மட்டுமன்றிச் சமுதாயத்தின் வளத்துக்காகவும் மலர வேண்டும் என்கிறது. சட்டம் வந்து ஆண்டுகள் பல கடந்தும் எங்கள் மூன்று படிகள் அசையவில்லை. அவற்றில் நாள்தோறும் ஏறி இறங்கிய நானும் அதற்குப் பொறுப்பாளியே.

அன்றே என் குறிப்புகளைக் கிழித்தேன். பெயரும் படத்தின் தலைப்பும் மாத்திரம் எஞ்சின. மறுநாள் படங்கள் யாவற்றையும் முற்றத்து வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தோம். அடுத்த மாதம் என் மாணவர்கள் மேசன் ஒருவரின் துணையுடன் வாசலில் சாய்தளம் அமைத்தனர். முதலில் அதில் ஏறியவர்கள் ஊர்க் கிழவிகள்!

வேப்பமரத்தடியில், எங்கள் சித்திர ஆசிரியரும் அந்த ஓவியரும் மாட்டின் நிழலைப் பற்றி நெடுநேரம் வாதாடினர். ஆசிரியர் விட்டுக்கொடுக்கவில்லை, அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கண்காட்சி உண்மையில் அப்போதுதான் ஆரம்பமாயிற்று.