எம்மூர் நத்தார்

விழா மலர்க்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, சைவத்தையோ தமிழையோ பற்றி யாம் எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். யாமோ நத்தாரைப் பற்றி எழுதத் துணிந்தோம். இந்துக் கல்லூரி மலரில் நத்தாருக்கு இடமேது என வினவும் அன்பர் சற்றே பொறுத்தருள்க. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

அண்மையில் ஒரு மாரிகாலத்துப் பிற்பகல். ஒளிவிழாவிற் பேசுதற்கு ஏழாந்தர மாணவன் ஒருவனை ஆயத்தஞ் செய்யும் பொறுப்பு எம்மிடம் வந்தது. அவன் எழுதி வந்த பேச்சிற் பனி பெய்தது. மான் பூட்டிய வண்டி ஓடியது. சிவப்பங்கி அணிந்த தாத்தா பரிசு கொடுத்தார். வெளியிலோ மழை இடைவிடாது கொட்டிக்கொண்டிருந்தது. வாவி கரைமேவி நின்றது. "எங்கட ஊரில எங்க தம்பி பனி பெய்யிற?" என்று கேட்டோம். சிறுவன் சிரித்தான். பின்னர், "நாங்க இந்துக் கல்லூரிதானே சேர், ஏன் இதைக் கொண்டாடுற?" என்றான்.

விடை உடனே வாய்க்கவில்லை. நத்தாரைப் பற்றி வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு வருமாறு அவனை அனுப்பிவிட்டு, யாமும் எண்ணத் தலைப்பட்டோம்.

நத்தார் என்னும் சொல்லே கடல் கடந்து வந்தது. போர்த்துக்கேயரின் 'நத்தால்' எம் முன்னோர் நாவில் நத்தார் ஆயிற்று. அவர் 1628 இல் புளியந்தீவிற் கட்டிய கோட்டை 1638 இல் ஒல்லாந்தர் கைப்பட்டது. கோட்டை கைமாறியது, சொல் நிலைத்தது. 1814 இல் வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்தப் போதகர் இங்கு வந்து பள்ளி தொடங்கினார். மறு ஆண்டே அவர் மறைந்தாரெனினும், அப்பள்ளி மெதடிஸ்த மத்திய கல்லூரியாய் வளர்ந்தது. 1873 இல் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. அங்குக் கற்ற காரைதீவு மயில்வாகனனே பின்னாளில் சுவாமி விபுலாநந்தராய்த் தமிழுலகம் போற்ற நின்றார். நன்றி மறத்தல் நன்றன்று.

ஆயினும் அக்கல்விக்குச் சிலர் விலையுங் கொடுத்தனர். எம் அம்மம்மாவின் தமையனார், மிசன் பள்ளியொன்றில், நெற்றித் திருநீற்றை அழித்துவிட்டு வருமாறு பணிக்கப்பட்டார். அன்றோடு படிப்பை விட்டு வயலுக்குப் போனார். அவரைப் போன்றோரின் புண்பட்ட நெஞ்சத்திலிருந்தும் எழுந்தவையே நம் இந்துப் பாடசாலைகள். அம்மம்மாவுக்கு நத்தார் என்பது அழிக்கப்பட்ட அந்தத் திருநீறுதான்.

இருந்தும், எமது இளமைக்கால நத்தாரை எமக்குக் காட்டியவரும் அவரே. அயல்வீட்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் இருந்தது. அவ்வீட்டு மாமி ஆண்டுதோறும் பலகாரத் தட்டு அனுப்புவார். நத்தாரோ பெரும்பாலும் திருவெம்பாவைக் காலத்தை ஒட்டியே வரும். அம்மம்மா நோன்பிருப்பார்; மச்சம் முட்டை தீண்டார். பல ஆண்டுகள் அத்தட்டை வாங்கி எம்மிடம் தந்துவிட்டு, தாம் உண்ணாதிருந்தார். ஓராண்டு, போர்க்காலத்து ஊரடங்கு நாளொன்றில், வேலிப் பொட்டுக்குள்ளால் இரண்டு தட்டுகள் வந்தன. "இது உங்களுக்கெண்டு புறம்பாச் சுட்ட, அம்மா. புதுச்சட்டி, முட்டை சேர்க்கல்ல" என்றார் மாமி. அம்மம்மா சற்று நேரம் தட்டைப் பார்த்திருந்தார். பின்னர் ஒரு முறுக்கை உடைத்து வாயிலிட்டார். தைப்பொங்கலன்று அதே தட்டிற் சர்க்கரைப் பொங்கல் வைத்து, எம்மைச் சுமக்கச் செய்து, தாமே முன்னடந்து அவ்வீட்டுக்குப் போனார். தமையனாரின் திருநீற்றை அவர் மறந்தாரல்லர். ஆனால் அன்று தொட்டு நத்தார் அவருக்கு வேறொன்றுமாயிற்று.

இவ்வாறு ஏற்பது சைவத்துக்கு இழுக்காகுமோ? இராமகிருஷ்ணரின் இளஞ்சீடர்கள் 1886 டிசம்பர் 24 ஆந் திகதி இரவு வங்கத்து ஆண்ட்பூரில் வேள்வித்தீயைச் சூழ்ந்திருந்து துறவு பூண உறுதி கொண்டனர். விவேகானந்தர் அவ்வேளை இயேசுபிரானின் வாழ்வை எடுத்துரைத்தார். அது நத்தாருக்கு முந்திய இரவென்பதைப் பின்னரே உணர்ந்தனர் என்பர். அத்துறவியர் மடங்களில் அந்நாள் மாலை வழிபாடு வழிவழியாக நடந்துவருகின்றது. கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலாநந்தரும் அம்மரபினரே. தம் வீட்டில் உறுதியாய் நிற்போர் அயல்வீட்டு விளக்கைக் கண்டு அஞ்சார்.

எம்மூர் நத்தாருக்குத் துயரின் நிறமும் ஏறியது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். நத்தார்ப் பலகாரம் தீருமுன்னரே ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் வாரிச் சென்றது. மறு ஆண்டு, புனித மரியாள் பேராலயத்தில் நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்துச் சிறுவர் பலர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் விண்மீன் விளக்குகளைக் கண்ட எம் கண்கள் முதலில் அச்சிறுவரையே தேடின. இந்நாளிற் கடைத்தெருவெங்கும் மின்விளக்குச் சரங்கள், பஞ்சாற் செய்த பனி, விலைக்கழிவு விளம்பரங்கள். அவற்றைப் பழித்தல் எம் நோக்கமன்று. சிறுவர் மகிழட்டும். பஞ்சுப்பனி பழைய நினைவுகளை மூடிவிடலாகாது என்பதே எம் கவலை.

மறுநாள் அம்மாணவன் வந்தான். அவன் குரல் தாழ்ந்திருந்தது. ஆழிப்பேரலை வந்தபோது அவன் தாய்க்கு வயது பத்து. நாவலடிப் பக்கத்திலிருந்து, உடுத்த துணியும் கிழிந்து, ஒரு தேவாலய மண்டபத்தில் வந்து ஒதுங்கியிருந்தாளாம். அங்கே முன்பின் அறியாத ஒரு பெண்மணி, தம் மகள் முதல்நாள் நத்தாருக்கு ஒருமுறையே உடுத்த புதுச்சட்டையைக் கழுவி உலர்த்திக் கொண்டுவந்து அவளுக்கு உடுத்திவிட்டாராம். "அந்தச் சட்டை இன்னும் எங்கட அலுமாரியில இருக்கு சேர். அம்மா நேற்றுத்தான் எனக்குக் காட்டின" என்றான். பெயர் தெரியாத அப்பெண்மணியை அவன் தாய் பின்னர்க் காணவேயில்லை.

யாம் ஏதும் போதிக்க வேண்டியிருக்கவில்லை. பேச்சை அவனே மாற்றி எழுதினான். பனியும் மான்வண்டியும் போயின. பேறுகாலத்துத் தாயொருத்திக்குச் சத்திரத்தில் இடமில்லை என்றார்கள். மாட்டுத் தொழுவமே இடந்தந்தது என்று தொடங்கினான். பேரலை நாளிற் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் பாடசாலையும் இடமில்லை என்று சொல்லவில்லை என்றான். சட்டையைப் பற்றிச் சொல்லும்போது சற்றே தடுமாறினான், மண்டபம் அமைதியாயிருந்தது. திருநீறு துலங்கிய நெற்றியோடு அவன் மெழுகுதிரியை ஏற்றியபோது, எமக்கு அம்மம்மாவின் தமையனார் நினைவுக்கு வந்தார். அவருக்கு அன்று மறுக்கப்பட்டது இதுவன்றோ!

திருநீற்றை அழியாமலே அயலவன் விளக்கை ஏற்றக்கூடிய ஓர் இடத்தை நம் கல்லூரி அமைத்துத் தந்திருக்கிறது. மலர்க்குழுவினர் எதிர்பார்த்த சைவக் கட்டுரை இதுவே எனக் கூறி அமைகின்றோம். வாழிய நம் கல்லூரி. வாழிய எம்மூர் அயலவர்.